காற்று அறையும் ஆணி

மரவேலையின் இறுதிக் கட்டத்தில் பலகைகளின் வெட்டுமுனைகளையும், மரமும் சுவரும் சந்திக்கும் இடத்தில் எஞ்சும் இடைவெளிகளையும் மறைப்பதற்காகப் பொருத்தப்படும் மெல்லிய மரச் சட்டங்களைத் தமிழ்நாட்டுத் தச்சர்கள் ‘பீடிங்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கின்றனர். அலமாரித் தட்டின் முகப்பில் ஒட்டப்படும் 6 மி.மீ. தேக்குப் பட்டையும், கதவு நிலையைச் சுற்றி வரும் அகலமான சட்டமும், கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் சிறு குச்சியும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடும். இந்த வேலையில் சுத்தியலின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கருவி, அழுத்தக் காற்றால் இயங்கும் ஆணித் துப்பாக்கி. பட்டறைப் பேச்சில் அது வெறும் ‘கன்’.

அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டகங்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஜிப்சம் பலகைகளைப் பொருத்திக் கட்டப்படுபவை. அப்பலகை தரையைத் தொடும் இடம், சன்னலைத் தொடும் இடம், கூரையைத் தொடும் இடம் என ஒவ்வொரு விளிம்பையும் ஒரு மரச் சட்டம் மூட வேண்டியிருப்பதால், சிறு ஆணிகளை விரைவாக அறையும் கருவிக்கு அந்நாட்டில் இயல்பாகவே தேவை எழுந்தது. தரைப் பலகைகளை அறைவதற்கென 1950-இல் சந்தைக்கு வந்த காற்றுவிசை ஆணிக்கருவி, பிற்காலத்தில் உருவம் சுருங்கி நுண்வேலைக்கும் ஏற்றதாயிற்று. செங்கல் சுவரும் சிமெண்டுப் பூச்சும் தரையோரத்தில் டைல்ஸ் பட்டையும் கொண்ட தமிழ்நாட்டு வீட்டில் இத்தகைய கருவிக்கு நெடுங்காலம் வேலை இருக்கவில்லை. பிளைவுட் அந்த நிலையை மாற்றியது. அடுக்கடுக்காகத் தெரியும் அதன் வெட்டுமுனையை மறைக்காமல் எந்த அலமாரியும் முழுமை பெறாது என்பதால், பீடிங் வேலை பெருகப் பெருகக் கன்னும் அதனோடு சேர்ந்து பரவியது.

சுத்தியலால் பீடிங் அறைவதில் உள்ள இடர், வலிமைக் குறைவால் வருவதன்று, கைகள் போதாமையால் வருவது. பசை தடவிய பட்டையை இடத்தில் நிறுத்த ஒரு கையும், தலை மழுங்கடிக்கப்பட்ட ஆணியைப் பிடிக்க ஒரு கையும், சுத்தியலுக்கு ஒரு கையும் வேண்டும். அறையும் ஒவ்வோர் அடியிலும் பட்டை சற்று நகரும். கடைசி அடி தவறினால் மரத்தில் பிறைவடிவக் குழி விழும். பட்டை மெல்லியதாக இருந்தால் முனையருகே பிளந்தும் போகும். கன் ஒரே அடியில், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள், ஆணியை உள்ளே செலுத்தி அதன் தலையை மரப்பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே புதைத்துவிடுவதால், பட்டை நகர்வதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

இதன் உள்ளமைப்பு மிதிவண்டிப் பம்பைத் தலைகீழாக நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். பம்பில் பிஸ்டன் காற்றைத் தள்ளுகிறது, இங்கே காற்று பிஸ்டனைத் தள்ளுகிறது. கைப்பிடியின் உட்குழிவே அழுத்தக் காற்றின் சிறு தொட்டி. டிரிக்கரை அழுத்தியவுடன், சிலிண்டரின் வாயை மூடிக்கொண்டிருக்கும் தலைவால்வு மேலெழும்ப, தேங்கியிருந்த காற்று முழுவதும் பிஸ்டனின் தலைமேல் பாய்கிறது. பிஸ்டனின் அடியில் பொருத்தப்பட்ட நீண்ட எஃகுத் தண்டு, அதாவது அறைதண்டு, கீழிறங்கும்போது, பசையால் ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட ஆணிச் சரத்தின் முன்னால் நிற்கும் ஓர் ஆணியை மட்டும் உடைத்தெடுத்து மரத்துக்குள் செலுத்துகிறது. பிஸ்டனுக்குக் கீழே சிக்கிய காற்று பக்கத்திலுள்ள சிறு அறைக்குள் ஒதுங்கியிருந்து, டிரிக்கரை விட்டவுடன் பிஸ்டனை மீண்டும் மேலே தள்ளிவிடுகிறது. பிஸ்டன் அடித்தளத்தில் மோதிச் சிதையாமலிருக்க ஒரு ரப்பர் தாங்கியும், காற்று ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கசியாமலிருக்கச் சில ஓ ரிங் வளையங்களும் உண்டு. தேய்வன என்று சொல்லத்தக்கவை பெரும்பாலும் இந்த ரப்பர்ப் பகுதிகளும் அறைதண்டின் நுனியும்தான்.

பிஸ்டனின் விட்டம் 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 7 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தமுள்ள காற்று அதன்மேல் செலுத்தும் விசை 50 கிலோ எடைக்குச் சமம். ஒரு மனிதர் ஏறி நிற்கும் அளவேயான இவ்விசை ஆணியை மரத்தில் இறக்குவதற்குக் காரணம், அது செயற்படும் வேகம். உள்ளே எங்கேனும் காற்று கசிந்தாலோ வளையங்கள் உலர்ந்து உரசினாலோ முதலில் குறைவதும் அவ்வேகமே.

கன் வாங்கச் செல்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கருவி என்பதன்று, எந்த ஆணி என்பது. ஏனெனில் ஒவ்வொரு கன்னும் ஒரே தடிமன் கொண்ட ஆணிக்காகவே செய்யப்பட்டது. அத்தடிமன் கேஜ் என்ற அளவால் குறிக்கப்படுகிறது. எண் கூடக் கூட ஆணி மெலியும் என்பது புதியவர்களைக் குழப்பும் செய்தி. பழைய கம்பிப் பட்டறைகளில் கம்பியை அச்சுத் துளைகளின் வழியே எத்தனை முறை இழுத்தார்கள் என்பதே கேஜ் எண்ணாக வழங்கத் தொடங்கியது என்பதையும், ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி மெலிந்துகொண்டே போகும் என்பதையும் அறிந்தால் குழப்பம் தீரும்.

வீட்டுக்குள் நடக்கும் ஓரச் சட்ட வேலைக்கு நான்கு தடிமன்கள் வழக்கில் உள்ளன. 15 கேஜ் ஆணி ஏறக்குறைய 1.8 மி.மீ. தடிமனும் 64 மி.மீ. வரை நீளமும் உடையது. கனமான கதவுச் சட்டகங்களை மரச் சுவரில் நிறுத்தும் அமெரிக்கத் தச்சர்களுக்கு இது இன்றியமையாதது என்றாலும், நிலையைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடும் தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கு இடம் அரிது. 1.6 மி.மீ. தடிமனுள்ள 16 கேஜ், அகலமான நிலைச் சட்டங்களுக்கும் சுவர்ப் பலகைகளுக்கும் போதுமானது. 18 கேஜ் ஆணியின் தடிமன் 1.2 மி.மீ. அளவே, பிராட் என்று பெயர் பெற்ற இதன் தலை மிகச் சிறியதாகையால் பட்டி பூசினால் துளை மறைந்துவிடும். 23 கேஜ் ஆணி 0.6 மி.மீ. தடிமனுடைய, தலையே இல்லாத ஊசி. பசை இறுகும்வரை மெல்லிய குச்சிகளைப் பிடித்து நிறுத்துவதைத் தவிர வேறெதையும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரே ஒரு கன் மட்டும் வாங்கும் வீட்டுக்காரருக்கும் தொடக்கநிலைத் தச்சருக்கும் 18 கேஜ் கன்னே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஹார்டுவேர் கடைகளில் ‘எஃப் 30’ என்ற பெயரில் விற்கப்படுவது இந்த இனமே; 30 என்பது அது ஏற்கும் ஆணியின் அதிகபட்ச நீளத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. 50 மி.மீ. வரை ஏற்கும் ‘எஃப் 50’ சற்றுக் கனமானது, விலையும் கூடியது. ஆனால் 18 மி.மீ. சட்டத்தை இன்னொரு பலகையோடு இணைக்க நேரும் நாளில், 30-ஐ வாங்கியவர் கடைக்கு மீண்டும் நடக்க வேண்டியிருக்கும்.

மேலே வரும் பட்டையின் தடிமனைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு நீளமுள்ள ஆணியே பிடித்து நிற்கும் என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. 10 மி.மீ. பீடிங்குக்கு 25 அல்லது 30 மி.மீ. ஆணி என்று இதிலிருந்து கொள்ளலாம். மரத்துக்கும் மரத்துக்கும் இடையே ஜிப்சம் பலகை போன்ற பிடிப்பில்லாப் பொருள் இருந்தால் அதன் தடிமனையும் ஆணியின் நீளத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும், 12 மி.மீ. சட்டத்தை 12.5 மி.மீ. ஜிப்சத்தின் வழியே பின்னாலுள்ள ரீப்பர்க் கட்டையில் அறைபவருக்கு 50 மி.மீ. ஆணி தேவைப்படுவது இதனால்தான். செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இந்த ஆணிகள் எவ்வளவு நீளமாயினும் இறங்கமாட்டா. முதலில் திருகாணியால் ரீப்பரைச் சுவரில் பொருத்தி, அதன்மேல்தான் கன்னைப் பயன்படுத்த முடியும்.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். நிறைய ஆணி அறைந்தால் பீடிங் உறுதியாக நிற்கும் என்று கருதி, நான்கு விரற்கடைக்கு ஒன்றாக அறைந்து பட்டையைச் சல்லடையாக்குவோர் உண்டு. 1.2 மி.மீ. ஆணிக்கு இழுவையைத் தாங்கும் திறன் சொற்பமே. பீடிங்கை ஆண்டுக்கணக்கில் பிடித்திருப்பது மரப்பசைதான். பசை இறுகும்வரை அகலாமல் நிற்கும் கவ்வியின் வேலையை மட்டுமே ஆணி செய்கிறது. பட்டை நேராகவும் பசை சீராகவும் இருந்தால் ஒரு சாணுக்கு ஓர் ஆணி போதும். பட்டை வளைந்திருந்தால் ஆணியைக் கூட்டுவதைவிட வேறு பட்டை எடுப்பதே மேல்.

பிராட் ஆணியின் நுனி ஊசிபோல் கூராக இராமல் உளிபோல் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். மரத்தின் இழை கடினமாக எதிர்ப்படும்போது இந்நுனி ஒருபக்கமாகச் சறுக்கி, ஆணி வளைந்து பலகையின் பக்கவாட்டில் எட்டிப்பார்ப்பது அன்றாடம் நிகழ்வது. கன்னின் உடலைப் பட்டையின் நீளத்துக்குக் குறுக்காகப் பிடித்து அறைந்தால், ஆணி வளைந்தாலும் பட்டையின் நீளவாக்கிலேயே வளைந்து உள்ளேயே தங்கிவிடும் என்பது கைதேர்ந்தவர்களின் உத்தி. பட்டையைப் பிடித்திருக்கும் விரல்கள் ஆணியின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் இருக்க வேண்டும் என்ற விதியும் இந்த வளைவை முன்னிட்டே எழுந்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை டிரிக்கரின் வகை முதன்மையானது. பெரும்பாலான கன்களின் மூக்கில் ஓர் அசையும் முனை உண்டு. அது மரத்தில் அழுந்தினாலன்றி ஆணி வெளிப்படாது. இம்முனையும் டிரிக்கரும் இணைந்து செயல்படும் முறை இருவகைப்படும். முதல் வகையில் முனையை அழுத்தி, பின்னர் டிரிக்கரை அழுத்தி, ஓர் ஆணி பாய்ந்ததும் இரண்டையும் விடுவித்து மீண்டும் அதே வரிசையில் தொடங்க வேண்டும். இரண்டாம் வகையில் டிரிக்கரைப் பிடித்தபடியே மூக்கால் தட்டிக்கொண்டு போனால் தட்டுந்தோறும் ஆணி பாயும். தொடைமேல் தட்டினாலும் பாயும். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயங்களுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்ததாகவும், அவர்களில் சுமார் 14,800 பேர் தொழிலாளர்கள் அல்லர், வீட்டில் தாமே வேலை செய்தவர்கள் என்றும் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. தட்டும் வகை வேகமானது என்ற வாதம் பெரிய சட்டக வேலைக்கே அரைகுறையாகத்தான் பொருந்தும். பீடிங் வேலையில் ஒவ்வோர் ஆணியின் இடமும் பார்த்து அறையப்படுவதால், வரிசை முறை டிரிக்கரைத் தவிர வேறொன்றை வாங்குவதற்கு நியாயமே இல்லை. மலிவு மாதிரிகள் சிலவற்றில் மூக்கு முனையே இருப்பதில்லை. அவற்றைக் கையில் எடுத்தாலே டிரிக்கரிலிருந்து விரலை விலக்கி வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எந்த வகையையும் இயக்கலாகாது.

ஆணியின் ஆழத்தை மாற்றும் திருகு, சிக்கிய ஆணியைக் கருவியின்றி எடுக்க உதவும் முன்மூடி, மரத்தில் தழும்பு விழாமல் காக்கும் ரப்பர் மூக்குறை ஆகிய மூன்றும் உள்ள மாதிரிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது. பெட்டியின்மேல் அச்சிட்ட மற்ற சிறப்புகளைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை.

கன்னுக்கு அழுத்தக் காற்றைத் தரும் கம்ப்ரசர் பெரியதாக வேண்டுமோ என்ற அச்சம் பெரும்பாலும் மிகையானது. ஒவ்வோர் ஆணிக்கும் இக்கருவி குடிக்கும் காற்று மிகக் குறைவு என்பதால், வண்ணம் தெளிக்கும் துப்பாக்கிக்குப் போதாத 24 அல்லது 25 லிட்டர்த் தொட்டியுள்ள சிறிய கம்ப்ரசர் பீடிங் வேலைக்குத் தாராளமாகப் போதும். பெரும்பாலான பிராட் கன்கள் 60 முதல் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இயங்குகின்றன, பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்தின்மேல் எத்தனை பவுண்டு விசை என்ற கணக்கு, 100 பி.எஸ்.ஐ. ஏறத்தாழ 7 பார். 70-இல் தொடங்கி, வேலைக்குரிய மரத்தின் வெட்டுத்துண்டில் சோதித்து, ஆணித்தலை புதையும்வரை சிறிது சிறிதாக ஏற்றுவதே முறை. வேங்கை போன்ற கடினமரத்துக்குக் கூடுதலாகவும், ரப்பர்மரத்துக்குக் குறைவாகவும் தேவைப்படும். அழுத்தத்தை எப்போதும் உச்சத்தில் வைத்திருப்பவரின் கன்னில் ரப்பர் தாங்கிதான் முதலில் நொறுங்கும். வேலையிடம் தொலைவில் இருந்தால் நீட்டவேண்டியது காற்றுக்குழாயை, மின்கம்பியை அன்று. மெலிந்த நீட்டுக்கம்பியில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறிக் கெடும்.

இக்கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஆணியோ மரமோ அன்று, உள்ளே நுழையும் காற்று. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர்க் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். காற்றை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் தாங்கும் அளவு இடத்தின் பருமனைப் பொறுத்ததே என்பதால், மிஞ்சிய நீராவி நீராக மாறித் தொட்டியின் அடியில் தங்கிவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில், 25 லிட்டர்த் தொட்டியை 8 பார் வரை ஒருமுறை நிரப்பினாலே ஏறக்குறைய ஒரு தேக்கரண்டித் தண்ணீர் சேரும். ஒரு நாளில் தொட்டி எத்தனை முறை நிரம்புகிறதோ அத்தனை கரண்டி. இந்நீர் குழாய்வழியே கன்னுக்குள் சென்று எண்ணெயைக் கழுவி, சிலிண்டரையும் அறைதண்டையும் துருவேற்றுகிறது. தொட்டியையும் உள்ளிருந்து அரிக்கிறது. நாள்தோறும் வேலை முடிந்தபின் மீதிக் காற்றின் அழுத்தத்தைத் தணித்து, தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுவது செலவில்லாத பராமரிப்பு. பட்டறைகளில் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. நீரையும் தூசியையும் தடுக்கும் வடிகட்டி ஒன்றைக் கம்ப்ரசரின் வாயில் பொருத்துவது அடுத்த படி.

எண்ணெயிடுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. எண்ணெய் தேவைப்படாத மாதிரியா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொண்டு, தேவைப்படும் மாதிரியாயின் காற்று நுழையும் வாயில் வேலை தொடங்குமுன் காற்றுக்கருவி எண்ணெயை மூன்று நான்கு சொட்டு விட வேண்டும். வண்டி எஞ்சின் எண்ணெயிலுள்ள கலவைப் பொருட்களும், துருநீக்கும் தெளிப்பான்களும் ஓ ரிங்குகளை உப்பவும் வெடிக்கவும் செய்யக்கூடியவையாகையால் கையில் கிடைத்ததை விடும் பழக்கம் ஆகாது. எண்ணெய் விட்டவுடன் கழிவுக்காற்றோடு சிறு துளிகள் வெளியே தெறிக்கும். பாலிஷுக்குத் தயாராக இழைத்து வைத்த தேக்கின்மேல் அத்துளி பட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஒட்டாது. ஆகவே முதல் பத்து ஆணிகளை வெட்டுத்துண்டில் அறைந்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

கோளாறுகளைப் பெரும்பாலும் காதால் அறியலாம். டிரிக்கரைத் தொடாதபோதே அதனருகே சீறல் கேட்டால் டிரிக்கர் வால்வின் ஓ ரிங்கும், கன்னின் தலைப்பக்கம் கேட்டால் தலைவால்வின் ஓ ரிங்கும் தேய்ந்திருக்கக்கூடும். ஆணி அரைகுறையாக வெளியே நிற்பது அழுத்தக் குறைவாலோ உலர்ந்த வளையத்தாலோ நேரலாம். ஆணியின் அருகே இரட்டைத் தழும்பு விழுந்தால் அறைதண்டின் நுனி மழுங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஆணி சிக்கினால் முதற்செயல் காற்றுக்குழாயைக் கழற்றுவது. டிரிக்கரிலிருந்து கையை எடுத்தாலே போதும் என்ற துணிச்சலில் குறடை நுழைத்தவர்கள் விரலைப் புண்ணாக்கிக்கொண்டதுண்டு. ஆணிச் சரங்களையும் ஈரமில்லா இடத்தில் மூடி வைக்க வேண்டும். சரத்தை ஒட்டியிருக்கும் பசை இளகினாலும், ஆணி துருவேறினாலும் சிக்கல் தொடரும்.

கம்ப்ரசர் இல்லாத இடத்தில் வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து குழாயை இணைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் உயிரைக் கேட்கும். அழுத்தமிக்க ஆக்சிஜன் உள்ளேயுள்ள எண்ணெயைப் பற்றவைத்துக் கருவியையே வெடிக்கச் செய்யும். வேறெந்தச் சிலிண்டர் வாயுவும் இதற்கு உரியதன்று.

பழுது பார்ப்பது கடினமில்லை. நான்கு திருகுகளைக் கழற்றினால் தலை திறந்துகொள்ளும், வளையங்களை மாற்ற அரைமணி நேரம் போதும். ஆனால் வளையங்களின் அளவு மாதிரிக்கு மாதிரி வேறுபடுகிறது. ஆகவே பணம் கொடுக்குமுன் அந்த மாதிரிக்கு உரிய ஓ ரிங் தொகுதியும், ரப்பர் தாங்கியும், அறைதண்டும் தனியே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். கிடைக்காது என்ற மறுமொழி வந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் அந்தக் கன்னைக் கடையிலேயே விட்டுவிடலாம்.